சாம்பலின் நீளம்

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை
கானாடுகாத்தானில், வயிரவன் வீட்டு மொட்டை மாடியில்
நாங்கள் நாலு பேர்.
சங்கம் என்று சொல்லிக்கொள்வதில்லை.
சந்தா மட்டும் உண்டு.

மாவடு ஜாடிதான் சிகார் பெட்டகம்.
அடைக்கலசாமி காரைக்குடி ஆய்வகத்தில் மின்வேதியியல்காரன்;
கல்லுப்பைக் கரைத்து வைத்து முள்ளைச் சரிபார்த்து
ஈரப்பதம் அறுபத்தெட்டைத் தாண்ட விடமாட்டான்.
கத்திரி வெயிலில் ஊரணி வெடித்துக் கிடக்கையில்
ஜாடிக்குள் மட்டும்
கியூபாவின் மழைக்காலம்.
எத்தனை முறை கழுவினாலும்
மாவடு ஒரு நூலளவு மிச்சமிருக்கும்.
முதல் இழுப்பில் அது வரும்.
வந்தால்தான் அது எங்கள் சிகார்.

போர்பன், உமையாள் கொண்டு வந்தது.
ஹூஸ்டனில் தங்கை,
சுங்கத்தில் பொய் சொல்லத் தெரியாத தங்கை,
வருஷத்துக்கு இரண்டே புட்டி.
ஐஸ் கிடையாது. சோடா கேட்டவர் ஒருவர் இருந்தார்,
அடுத்த மாதம் அவரைக் கூப்பிடவில்லை.
ஒரே சொட்டுத் தண்ணீர், இங்க் ஃபில்லரால்.
சொட்டு விழுந்ததும் மக்காச்சோளம் கண் விழிக்கும்,
பிறகு கரிந்த பீப்பாய்,
பிறகு, உமையாள் சொன்னாள்,
"கந்தரப்பம். சட்டியில கடைசி ஈடு."
வயிரவன் கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து,
"இல்ல, தேக்கு அலமாரி. கதவத் திறந்த நொடி."
அரை மணி நேரம் இதற்குச் சண்டை.
நான் வெறும் கரி என்றேன்,
யாரும் கேட்கவில்லை.

கைப்பிடிச் சுவரில் ஒரு சுதைச் சிப்பாய்.
துப்பாக்கி முனை எப்போதோ போய்விட்டது.
அவன் தொப்பி எங்களுக்குச் சாம்பல் கிண்ணம்.
ஆனால் யாரும் தட்டுவதில்லை, பந்தயமே அதுதான்:
யார் சாம்பல் விழாமல் நீளமாக நிற்கிறது?
பேசலாம். குடிக்கலாம்.
இடது கையால் உப்புக்கறி எடுப்பது
இந்த ஒரு ராத்திரிக்குக் குற்றமில்லை.
சிரிக்கத்தான் கூடாது.

நேற்று வயிரவன் சாம்பல்
ஒரு விரற்கடை தாண்டி, இரண்டும் ஆகி,
வெள்ளையாக, வளையாமல் நின்றது.
அடைக்கலசாமி பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்
தன் இயக்குநர் மாதிரி ஒரு தும்மல் தும்மினான்.
வயிரவன் சிரித்தான்,
தலையைச் சாய்த்து, வாய் முழுக்கத் திறந்து.
அணைந்த சிகாரைப் பற்றவைக்க
உமையாள் நீலச் சுடரை உயர்த்தியதும் அப்போதுதான்.

எனக்குத் தொழில் பல்.
இருபத்திரண்டு வருஷமாகப் பகலெல்லாம்
"புகையிலைய விடுங்க" என்று சொல்லிக் காசு வாங்குகிறவன்.
சனிக்கிழமை பார்க்காதே என்று
கண்ணுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.
இடது கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பல்லுக்கு நேரே
ஒரு வெள்ளைத் திட்டு.
துடைத்தால் போகிற வெள்ளையா
போகாத வெள்ளையா
பார்ப்பதற்குள் சுடர் இறங்கிவிட்டது.

சாம்பல் அவன் வேட்டியில் விழுந்தது.
கைதட்டினார்கள். நான் ஒரு கையால் தொடையில் தட்டினேன்.
தட்டிக்கொண்டே கணக்கு:
மாதம் ஒன்று, பன்னிரண்டு வருஷம்,
அவன் தனியாக இழுப்பதைச் சேர்க்காமல்
நூற்று நாற்பத்து நாலு.
அதில் பாதி நான் வாங்கித் தந்தது.

செட்டிநாடு ஸ்டேஷனை ஒரு ரயில் கடந்து போனது.
அது போய் முடியட்டும் என்று இருந்தேன்.

"திங்கக்கிழமை கிளினிக் பக்கம் வா."
"எதுக்கு? பல்லு ஒண்ணும் வலிக்கலயே."
"தெரியும். வா."

என்னைப் பார்த்தான்.
பிறகு கையிலிருந்ததைப் பார்த்தான், இன்னும் பாதி இருந்தது.
சிகாரை நசுக்கி அணைப்பது எங்களுக்குள் பாவம்.
கீழே வைத்தால் போதும்,
மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.
சிப்பாயின் தொப்பியில் வைத்தான்.
அடைக்கலசாமி தன் கிளாஸுக்குள் எதையோ தேடினான்.

"தேக்கு அலமாரிதான்" என்றான் வயிரவன்,
கடைசி வாயைக் குடித்துவிட்டு.
யாரும் மறுக்கவில்லை.
மறுக்காமல் விட்டால் பயந்துவிடுவான் என்று
உமையாள் மட்டும்
"கந்தரப்பம்" என்றாள், கொஞ்சம் உரக்கவே.

இறங்கும்போதுதான் கவனித்தேன்,
என் சாம்பல் இன்னும் விழவில்லை.
மூன்று விரற்கடை.
படிக்கட்டின் இருட்டில்
யாருக்கும் சொல்லாமல் தட்டிவிட்டேன்.